சொல்லாமல் கைமாறிய லோட்: தம்பலகாமத்திலிருந்து பேலியகொடைக்குப் போன அரிசி

"உங்கட கொமிஷன் உங்களுக்கு வந்திட்டுது தானே அண்ணை, பிறகென்ன?"

திருகோணமலையில் லொறி பிடித்துக் கொடுக்கும் தொழிலில் இருக்கிறவர்களின் காதில் இந்தக் கேள்வி ஒரு தடவையாவது விழுந்திருக்கும். நாங்கள் ஒருவரை நம்பிக் கொடுத்த லோடை அவர் சத்தமில்லாமல் இன்னொருவருக்குக் கொடுத்துவிட்டார் என்று தெரிந்து கோபப்படும்போது வருகிற கேள்வி இது. நடுவில் யாரோ பத்தாயிரம் சம்பாதித்துவிட்டார், தரகருக்கு அதுதான் வயிற்றெரிச்சல் என்று பலரும் நினைக்கிறார்கள். தொழிலுக்கு வந்த புதிதில் நானும் அப்படித்தான் நினைத்தேன். 2022 மாரியில் என் கையால் போன ஒரு லோட் அந்த எண்ணத்தை மாற்றியது. அதை முதலிலிருந்து கடைசி வரை எழுதுகிறேன். ஆட்களின் அடையாளம் தெரியக்கூடாது என்பதற்காகத் தொகைகளை வட்டமான எண்ணாக்கியிருக்கிறேன். ஒன்றுக்கொன்று உள்ள அளவு மாறவில்லை.

ஏற்றியது என்ன, யாருக்கு

தம்பலகாமத்துப் பக்கம் ஒரு அரிசி ஆலை. 25 கிலோ மூடை 400, ஆக 10 தொன். கொழும்புக்குப் பக்கத்தில் பேலியகொடையில் ஒரு களஞ்சியத்துக்குக் காலை ஆறு மணிக்குப் போய்ச் சேர வேண்டும். கந்தளாய், ஹபரணை, தம்புள்ளை, குருநாகல் என்று ஏ6 வீதியில் போய் அம்பேபுஸ்ஸவில் கண்டி வீதியில் ஏறினால் ஏறத்தாழ 230 கிலோமீற்றர். இரவு எட்டரைக்குப் புறப்படுகிற லொறிக்கு நேரம் தாராளம்.

ஹயர், அதாவது லொறிக் கூலி, 110,000 ரூபாய். அதில் 8,000 எனக்கு, 102,000 லொறிக்காரருக்கு. அந்த லொறிக்காரரோடு எனக்குப் பல வருடப் பழக்கம். சரக்கை மழைக்கு மூடுகிற படங்கு புதியது, டயர் நல்லது, சாரதி வழியில் எங்கும் நிற்காத ஆள். ஆலை முதலாளியிடம் விலை பேசி முடித்தபோது அவர் ஒன்றுதான் கேட்டார்: "எந்த லொறி?" நம்பரைச் சொன்னேன். "சரி, அது எண்டால் ஏத்தலாம்."

அவர் வாங்கியது இதைத்தான். 10 தொன் பாரத்தை நகர்த்த இரும்பும் டீசலும் எங்கும் கிடைக்கும். அதற்கு ஒரு தரகர் தேவையில்லை, அனுராதபுரச் சந்தியில் போய் நின்றாலே யாராவது ஏற்றிக்கொண்டு போவார்கள். இந்த மழையில், இந்த அரிசியை, இன்ன ஆள் கொண்டுபோவார் என்று நான் சொன்ன சொல்லுக்குத்தான் 8,000 ரூபாய்.

அன்று பின்னேரமே லொறிக்காரருக்கு 60,000 அட்வான்ஸ் போட்டேன். ஆலை எழுதுவினைஞரும் டெலிவரி நோட்டை முன்கூட்டியே எழுதி, நான் கொடுத்த லொறி நம்பரைப் போட்டு வைத்துவிட்டார். இரவு லொறி வந்ததும் ஏற்றி அனுப்பச் சுலபம் என்பதற்காக. அந்தச் சுலபம்தான் பிறகு எல்லோரையும் வதைத்தது.

அந்த இரவு

அது கியூஆர் காலம். 2022 ஜூலையில் கியூஆர் குறியீட்டோடு எரிபொருள் அனுமதிப்பத்திரம் வந்ததிலிருந்து 2023 செப்டெம்பரில் அதை நிறுத்தும் வரை, கிழமைக்கு இத்தனை லீற்றர் என்று ஒவ்வொரு வாகனத்துக்கும் அளந்து கொடுத்தார்கள். கொழும்புக்கு ஒரு தரம் போய்வரப் பெரிய லொறிக்கு நூறு லீற்றருக்கு மேல் வேண்டும். அளந்து கொடுத்த அந்தக் கோட்டா அதற்குக் காணாது. டாங்கில் மிச்சம் இருப்பவர்கள் ஓடினார்கள், இல்லாதவர்கள் வெளியில் கூடின விலைக்கு வாங்கினார்கள், அதுவும் கிடைக்காதவர்கள் லொறியை வீட்டு முற்றத்தில் நிறுத்தினார்கள்.

என்னுடைய லொறிக்காரரின் கோட்டா அன்று மத்தியானமே முடிந்திருந்தது. அதை என்னிடம் சொல்லியிருக்கலாம். சொன்னால் அடுத்த லோட் வேறு ஆளுக்குப் போய்விடும் என்று பயந்திருக்கிறார். எனக்குத் தெரியாத ஒருவருக்கு போன் போட்டு, 92,000க்கு லோடைக் கொடுத்துவிட்டார். 10,000 அவருக்கு மிச்சம். அந்த இரண்டாம் ஆளிடம் லொறியே இல்லை; போன் மட்டும்தான். அவர் கிண்ணியாப் பக்கத்தில் சொந்தமாக லொறி ஓட்டும் ஒரு தம்பியைப் பிடித்து 80,000க்குப் பேசினார். இவருக்கு 12,000.

அட்வான்ஸும் இதே மாதிரித்தான் தேய்ந்தது. நான் போட்டது 60,000. முதலாமவர் 10,000 எடுத்துக்கொண்டு 50,000 அனுப்பினார். இரண்டாமவர் பாதியை வைத்துக்கொண்டு 25,000 அனுப்பினார். ஓடப்போகிற தம்பியின் கைக்கு வந்த காசு, அன்றைய விலையில் பேலியகொடை வரை போகிற டீசலுக்குத்தான் சரி.

மழைக்குள் ஒன்பதரைக்கு ஆலைக்கு ஒரு லொறி வந்தது. நாட்டாமிமார் அவசரம் அவசரமாக ஏற்றினார்கள். எழுதுவினைஞர் குடையோடு வெளியே போய் நம்பரைப் பார்க்கவில்லை. எழுதி வைத்திருந்த டெலிவரி நோட்டை அப்படியே நீட்டினார்.

கந்தளாய் தாண்டி ஹபரணை வரை இரவில் யானை குறுக்கிடும். அதனால் அந்தத் துண்டைத் தாண்டியாயிற்றா என்று கேட்பது என் வழக்கம். இரவு பன்னிரண்டரைக்கு லொறிக்காரருக்கு எடுத்தேன். "ஹபரணை தாண்டிட்டுது அண்ணை, நீங்கள் படுங்கோ" என்றார். அவருடைய லொறி அப்போது அவர் வீட்டு முற்றத்தில் நின்றது. இந்த முழுக் கதையிலும் எனக்கு இன்றைக்கும் ஆறாதது அந்த ஒரு பதில்தான். அந்த இரவில் 400 மூடை அரிசி எங்கே நிற்கிறது என்று தெரிந்த ஒரே மனிதர் அதை ஓட்டிக்கொண்டிருந்த தம்பி. அவருடைய நம்பர் என்னிடம் இல்லை, ஆலையிடம் இல்லை, களஞ்சியத்திடம் இல்லை. ஹபரணைக் காட்டில் அந்த லொறி கவிழ்ந்திருந்தால் யாருக்கு அறிவிப்பது என்று பொலிஸாருக்கும் தெரிந்திருக்காது. கையிலிருந்த கடதாசியில் வேறு லொறியின் நம்பர் அல்லவா இருந்தது.

தம்புள்ளையில்

80,000 ரூபாயில் போய்வர டீசலுக்கு மட்டும் 46,000 போகும். கிளீனர் சம்பளம், சாப்பாடு, டயர் தேய்மானம், மாதம் பிறந்தால் லீசிங் காசு. அந்தத் தம்பி கணக்குப் பார்த்திருக்கிறார், மிஞ்சுவது ஒன்றுமில்லை. தம்புள்ளையில் பேலியகொடை மெனிங் சந்தைக்குப் போகவேண்டிய பூசணிக்காய் மூடைகள் கிடைத்தன. படங்கை அவிழ்த்து, அரிசிக்கு மேல் அவற்றை ஏற்றினார். ஏற்றிக்கொண்டிருக்கும்போதே மழை பிடித்தது. பழைய படங்கு, மேலே பூசணி புடைத்துக்கொண்டு நிற்க, இறுக்கிக் கட்டவும் முடியவில்லை. காலையில் முதலில் மெனிங் சந்தைக்குப் போய், தூறலில் மறுபடியும் படங்கைத் திறந்து பூசணியை இறக்கிவிட்டு, களஞ்சியத்துக்குப் போனபோது பதினொரு மணி.

அவரைத் திட்டுவது லேசு. என்னால் முடியவில்லை. 102,000க்கு ஓட வேண்டிய ஓட்டத்தை 80,000க்கு ஓடச் சொன்னால் அந்த 22,000 ஏதோ ஒரு இடத்தில் குறைந்துதான் ஆகும். படங்கில் குறையும், நித்திரையில் குறையும், டயரில் குறையும். இங்கே அரிசியில் குறைந்தது.

களஞ்சிய வாசலில்

காவலாளி டெலிவரி நோட்டை ஒரு கையில் பிடித்துக்கொண்டு லொறியின் முன்பக்கம் வந்து நின்று, ஒவ்வொரு எழுத்தாக நம்பரை ஒப்பிட்டுப் பார்த்தாராம். பொருந்தவில்லை. கேட்டைத் திறக்கவில்லை. தகவல் ஆலைக்குப் போய், ஆலையிலிருந்து எனக்கு வந்தது. "நீ சொன்ன லொறி வரேல்லையாமே, இது ஆருடைய லொறி?" என்று முதலாளி கேட்டபோது எனக்குச் சொல்லப் பதில் இல்லை.

முதலாம் லொறிக்காரர் அப்போதுதான் உண்மையைச் சொன்னார். இரண்டாம் ஆளின் போன் ஓஃப். ஒரு மணிநேரம் அலைந்து கிண்ணியாத் தம்பியின் நம்பரைப் பிடித்தேன். அவர் கத்தவில்லை, மரியாதையாகத்தான் பேசினார்: "அண்ணன், என்ட கைக்கு இருபத்தஞ்சுதான் வந்திச்சு. மிச்சம் அம்பத்தஞ்சு தந்தாத்தான் இறக்குவன். திரும்பி வர டீசலுக்கும் காசில்ல." நான் முதலாமவருக்கு 60,000 கொடுத்துவிட்டேன் என்று அவரிடம் சொல்லி என்ன பிரயோசனம்? அவருக்கும் எனக்கும் ஒரு பேச்சும் நடக்கவில்லை. ஆனால் ஓடியவர் அவர். 55,000 அனுப்பினேன். அதோடு 110,000 ரூபாய் ஹயருக்கு என் கையிலிருந்து போனது 115,000 ஆயிற்று.

பின்னேரம் இறக்கினார்கள். மேலடுக்கிலும் பின்பக்க ஓரத்திலும் 62 மூடை நனைந்திருந்தது. களஞ்சியத்தார் வீடியோவில் காட்டினார்கள். ஒரு மூடையைக் கிழித்துக் கையை உள்ளே விட்ட ஆள் உடனே வெளியே எடுத்தார். நனைந்த அரிசி படங்குக்குள் வெந்து சூடேறிக் கட்டியாகிக்கொண்டிருந்தது. அடுத்த நாள் அதில் புளித்த வாடை அடிக்கும். 62 மூடை என்றால் 1,550 கிலோ, கிலோ 200 ரூபாய்ப்படி 310,000. கோழித்தீனிக்குக் கிலோ 60க்குப் போய் 93,000 திரும்பியது. நட்டம் 217,000. என் கொமிஷன் 8,000 என்பதை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

ஆலைக்குப் போக்குவரத்துக் காப்புறுதி இருந்தது. ஆனால் ஏற்றும்போது அறிவித்த லொறி ஒன்று, வந்த லொறி வேறு. அறிவிக்காத வாகனத்தில் போன சரக்குக்கு எப்படிக் கொடுப்பது என்று கேட்டார்கள். அந்த இடத்திலேயே கோரிக்கை நின்றது. கிண்ணியாத் தம்பியிடம் இருந்தது லொறிக்கான காப்புறுதி மட்டும். அது அரிசிக்குப் பேசாது.

மூன்று நாள் பேசிய பிறகு, நான் 100,000 பொறுப்பேற்றேன், அடுத்தடுத்த ஹயர்களில் கழித்தார்கள். முதலாம் லொறிக்காரர் நாலு மாதத்தில் 60,000 கட்டினார். மிச்சம் 57,000ஐ ஆலை முதலாளி தாங்கிக்கொண்டார், பழக்கத்துக்காக. இரண்டாம் ஆள் ஒரு சதமும் தரவில்லை. அவருடைய முகத்தைக் கூட நாங்கள் யாரும் கண்டதில்லை. லோடைக் கைமாற்றியவர்களில் நட்டப்படாத ஒரே ஆள் அவர்தான்.

உப்புவெளியில் கேட்டது

என் அக்காவின் மகன் உப்புவெளியில் வீட்டிலிருந்தபடி அமெரிக்கச் சரக்குத் தரகு நிறுவனம் ஒன்றுக்கு இரவு வேலை செய்கிறான். அங்கே பகல் என்றால் இங்கே இரவு. நான் இதைச் சொல்லி முடித்ததும் அவன் சொன்னான்: "மாமா, இதுக்கு அங்க பேரே இருக்கு. டபுள் புரோக்கரிங். எங்கட வேலையில பாதி இதைப் பிடிக்கிறதுதான்."

அவன் விளக்கியதில் எனக்குப் பட்டவற்றைச் சொல்கிறேன். அங்கே தரகருக்கும் லொறி நிறுவனத்துக்கும் தனித்தனிப் பதிவு. மத்திய அரசின் எஃப்.எம்.சி.எஸ்.ஏ. என்ற அமைப்பு அதைப் பார்க்கிறது. லொறி ஓட்டப் பதிவு வைத்திருப்பவர், தரகர் பதிவு இல்லாமல் லோடை இன்னொருவருக்கு விற்கக்கூடாது என்று 2012இல் வந்த மாப்-21 என்ற சட்டம் சொல்கிறது. மீறினால் ஒவ்வொரு மீறலுக்கும் 10,000 டொலர் வரை தண்டம் என்று அந்தச் சட்டம் வைத்தது. தரகர் வைக்க வேண்டிய பிணைத்தொகையை அதே சட்டம் 10,000 டொலரிலிருந்து 75,000 டொலராக்கியது. 2013 ஒக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. தரகர் காசு கொடுக்காமல் போனால் லொறிக்காரர் அந்தப் பிணையில் போய்க் கேட்கலாம்.

காப்புறுதிப் பக்கம் எனக்கு ஆச்சரியமாக இருந்தது. சாதாரண சரக்கு ஏற்றும் பெரிய லொறி, வீதியில் மற்றவர்களுக்கு ஏற்படும் பாதிப்புக்கு 750,000 டொலர் காப்பு வைத்திருக்கச் சட்டம் கட்டாயப்படுத்துகிறது. ஆனால் ஏற்றிய சரக்குக்கான காப்பை, வீட்டுச் சாமான் ஏற்றுவோர் தவிர மற்றவர்களுக்கு, 2011இலிருந்து சட்டம் கட்டாயமாக்கவில்லை. ஆகவே சரக்குக் காப்பு இருக்கிறதா என்று கேட்டு, சான்றிதழ் வாங்கி, பதிவு எண்ணைச் சரிபார்த்து, ஒப்பந்தத்தில் எழுதுவது தரகரின் வேலையாகிறது. அவர் இத்தனையும் பார்த்து ஒரு ஆளைத் தெரிவு செய்கிறார். அந்த ஆள் லோடை வேறொருவருக்கு விற்றவுடனே பார்த்தது அவ்வளவும் வீண். சான்றிதழ் ஒருவருடையது, ஓடுகிற லொறி இன்னொருவருடையது. ஆலைக்கு நடந்தது அங்கே டொலரில் நடக்கிறது.

காசு விஷயமும் இதே கதைதான். உண்மையில் ஓடியவருக்கு நடுவில் நின்றவர் கொடுக்காமல் மறைந்துவிட்டால், ஓடியவர் சரக்கு அனுப்பியவரிடமோ வாங்கியவரிடமோ போய்க் கேட்கிறார். தரகருக்கு ஏற்கெனவே கட்டிவிட்டோம் என்று சொன்னாலும், அங்கே பல வழக்குகளில் மறுபடி கட்ட வேண்டி வந்திருக்கிறது. இரண்டாம் தரம் கட்டிய வாடிக்கையாளர் அந்தத் தரகரிடம் திரும்பி வருவாரா? இன்னும் மோசமானது, வேறொரு நிறுவனத்தின் பெயரையும் பதிவு எண்ணையும் திருடி, இணையத்தில் லோட் எடுத்து, அப்பாவி லொறிக்காரருக்கு விற்றுவிட்டுக் காசோடு காணாமல் போகிறவர்கள். சில வேளைகளில் சரக்கும் சேர்ந்து போய்விடும். எங்கள் ஊரின் இரண்டாம் ஆளுக்கு ஒரு போன் போதுமாக இருந்தது, அவர்களுக்கு ஒரு கணினி.

எல்லாக் கைமாற்றமும் குற்றமில்லை

இதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் கைமாற்றாமல் இந்தத் தொழில் நடக்காது. ஹபரணையில் கியர்பொக்ஸ் உடைந்தால் வேறு லொறிக்கு மாற்றித்தான் ஆக வேண்டும். கொழும்பிலிருந்து வெறும் லொறி திரும்பாமல் இருக்க அங்குள்ள தரகர் எனக்குத் தருகிற லோட் இரண்டு கை மாறித்தான் வருகிறது. அமெரிக்கச் சட்டமும் இதை அறியும். சரக்கை வழியில் ஒரு துண்டாவது தானே ஓட்டி, சரக்குக்கும் மற்ற லொறிக்காரரின் கூலிக்கும் தானே பொறுப்பாக நிற்பவர் இன்னொருவரைச் சேர்த்துக்கொள்வதை அது தடுக்கவில்லை. சரக்குக்காரர் அறிய இரண்டு தரகர்கள் சேர்ந்து செய்வதும் அங்கே நடக்கிறது.

என் லொறிக்காரர் மத்தியானம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இந்த இரண்டாம் ஆள் நடுவில் வந்திருக்கவே மாட்டார். கிண்ணியாத் தம்பியையே நான் நேரே பிடித்திருப்பேன், 102,000க்கு. அவர் தம்புள்ளையில் நின்றிருக்கமாட்டார். ஆலைக்கு வேறு நம்பரைச் சொல்லியிருப்பேன், காப்புறுதிக்கும் அதே நம்பர் போயிருக்கும். லொறி அதே, சாரதி அதே, மழை அதே, அரிசி மட்டும் காய்ந்து போய்ச் சேர்ந்திருக்கும்.

என் பக்கமும் பிழை இருக்கிறது. ஏற்றும்போது லொறிக்குப் பக்கத்தில் நிற்கிறவரோடு பேசாமல், வீட்டில் இருக்கிற லொறிக்காரரோடு மட்டும் பேசினேன். யார் ஏற்றுகிறார் என்று தெரியுமுன் அட்வான்ஸ் போட்டேன். கோட்டா முடிந்ததைச் சொன்னால் அடுத்த லோட் கிடைக்காது என்று அவர் பயப்படும்படி நடந்ததும் நான்தான். முன்பு ஒரு தடவை முடியாது என்று சொன்னவரை நான் இரண்டு மாதம் கூப்பிடவில்லை. அது அவருக்குத் தெரியும்.

இப்போது டெலிவரி நோட்டில் லொறி நம்பர் இடத்தை வெறுமையாக விடச் சொல்லியிருக்கிறேன். லொறி ஆலைக்குள் வந்த பிறகு, முன்பக்கத்தைப் பார்த்து எழுத வேண்டும். சாரதி நம்பர் பிளேட்டையும் வருமான அனுமதிப்பத்திரத்தையும் படம் எடுத்து எனக்கு வட்ஸ்அப்பில் அனுப்புவார். நான் அவரோடேயே பேசுவேன். அதற்குப் பிறகுதான் அட்வான்ஸ், அதுவும் அந்தப் பத்திரத்தில் பெயர் இருக்கிறவரின் கணக்குக்கு. மிச்சக் காசு, கையெழுத்துப் போட்ட நோட்டின் படம் வந்து மூன்று நாளுக்குள். லொறிக்காரர்களிடம் இன்னொன்றும் சொல்லியிருக்கிறேன்: ஓட முடியாவிட்டால் நடுச்சாமம் என்றாலும் எடுத்துச் சொல்லுங்கள், பதிலுக்கு நல்ல லொறி காட்டினால் என் கொமிஷனில் பாதி உங்களுக்கு. சில பேர் இதை நம்ப நேரம் எடுத்தது.

அந்த லொறிக்காரரோடு ஏழெட்டு மாதம் நான் வேலை செய்யவில்லை. பிறகு திரும்பவும் கொடுத்தேன். போன மாரியில் ஒரு நாள் இரவு பதினொரு மணிக்குக் கந்தளாயிலிருந்து எடுத்தார். கிளச் போய்விட்டது, லோட் ஏறின லொறி வீதி ஓரத்தில் நிற்கிறது, பக்கத்தில் ஒரு லொறி இருக்கிறது, ஆள் நல்லவர், மாற்றலாமா என்று கேட்டார். படங்கள் வந்தன. அந்தச் சாரதியோடு பேசினேன். பிறகு ஆலை முதலாளியை நித்திரையால் எழுப்பினேன். அவர் கேட்டது, "எந்த லொறி?" நம்பரைச் சொன்னேன், எழுதிக்கொண்டார். மாற்றி ஏற்றி முடியச் சாமம் இரண்டரை. களஞ்சியத்தில் காலை ஒன்பதுக்கு இறக்கினார்கள், மூன்று மணிநேரம் பிந்தி.